அலமேலுவுக்கு ஒரு கேக்

நாளை என் மகள் பிறந்து முப்பதாம் நாள். அலமேலு என்று பெயர் வைக்கிறோம்.

"ஸ்கூல்ல பிள்ளைங்க கிண்டல் பண்ணுவாங்க லா," என்கிறார் மாமியார். நாத்தனாரோ 'ஸ்ரீ'யில் முடியும் பெயர்களாக வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

இன்று கெலுகோரில் ஒரு பேக்கரிக்குக் கேக் ஆர்டர் செய்யப் போனேன். கேக்கில் எழுத வேண்டிய பெயரைச் சொன்னதும் கடைக்கார அக்காவின் முகம் மலர்ந்தது.

"அலமேலுவா? எவ்ளோ நல்ல பேரு! இப்பலாம் யாரு இப்படி வைக்கிறா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதத்தில் கிடைத்த முதல் நல்ல வார்த்தை.

"அம்மாவுக்கு எழுபதா, எண்பதா? நம்பர் மெழுகுத்திரி எடுக்கணும்."

விளக்கம் சொல்லத் தெம்பில்லை. "எழுபது," என்றேன்.

நாளை வருகிறவர்களே, கேக்கின் மேல் எழுபது ஏன் என்று தாராளமாகக் கேளுங்கள். பெயரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.