அட்டைக்காரர்

லேமினேட் மெஷினிலிருந்து சூடாக வெளிவந்த தண்ணீர்த் தம்ளர் படத்தை விளக்கருகே தூக்கிப் பார்த்து, "ஓரத்துல ஒரு குமிழி, போச்சு" என்று குப்பையில் போடுகிறார். பேனர் அச்சடிக்கும் கடை அவருடையது. ஊரார் முகங்களை மாடி உயரத்துக்குப் பெரிதாக்குவது பிழைப்பு. தம்ளரையும் சீப்பையும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்குவது பித்து. எங்கள் கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் அட்டைக்காரர்.

அட்டைகள் மகளுக்கு. ஆட்டிசம் உள்ள பெண், பேச்சு வரவில்லை. வேண்டியதன் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் வைக்க, பயிற்சி ஆசிரியை பழக்கிவிட்டார். தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, ஊஞ்சல், இப்போதைக்கு இது போதும் என்றும் சொன்னார். இவர் விடுவாரா? 'தங்கள் வருகைக்கு மகிழ்ச்சி' என்று பூங்கொத்துப் படத்தோடு ஒன்று அடித்தார். அதைப் பார்த்த ஆசிரியை தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணைக் கட்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஃபிரிட்ஜ் படம். யார் வந்தாலும் வகுப்பு தொடங்கிவிடும். "இவங்க உலகமே படம்தான் சார். நாமதான் புரிஞ்சுக்கணும்." வகுப்பு முடியும்வரை மகள் சன்னலோரம் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவாள். அதற்கும் விளக்கம் வைத்திருக்கிறார்: "தெரு சத்தம் தாங்காது சார் அவளுக்கு." தெருவில் ஈ காக்கை இருக்காது.

இத்தனை செய்தும் அந்தப் பெண் அவர் கையில் ஒரு அட்டைகூட வைத்ததில்லை. எல்லாம் அம்மாவுக்குத்தான். அம்மா குளித்துக்கொண்டிருந்தால், ஊஞ்சல் படத்தைப் பிடித்தபடி குளியலறை வாசலில் நிற்பாள். "இங்க குடும்மா, அப்பாகிட்ட குடு" என்று இவர் குறுக்கே போய்க் கையை நீட்டுவார். நாற்காலியைச் சுற்றிப் போவதுபோல் அவரைச் சுற்றிப் போய்விடுவாள். ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "ஒரே ஒரு தடவை சார். என்ன வேணா கேக்கட்டும். எங்கிட்ட கேக்கணும்" என்றார். கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன் விட்டுவிட்டேன். மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும் பாவமாக இருந்தது.

ஓய்ந்தாரா என்றால் இல்லை. 'அப்பா' என்றே ஒரு அட்டை அடித்தார். கோட்டு, கழுத்துப்பட்டை, கருகருவென்று மீசை, பின்னால் ஒரு அருவி. வாடிக்கையாளர்களுக்குச் செய்வதுபோலவே சுருக்கம் நீக்கி நிறமும் ஏற்றியிருந்தார். பனியனும் நெற்றியில் ஏற்றிய கண்ணாடியுமாக ஒரு அப்பாவை மட்டுமே கண்டிருந்த பெண், அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தாள். "எனக்கே யாருன்னு தெரியலைங்க" என்றார் மனைவி.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தரப்போன நானும் மாட்டிக்கொண்டேன். "பேசிடுவாடா, நம்ம வீட்டுல எல்லாருமே லேட்டுதான்" என்று அக்கா ஆரம்பித்தார். அட்டைக்காரருக்கு அது போதாதா? எழுந்து நின்றுகொண்டார். மகளின் தூக்கம், மலச்சிக்கல், கடைத்தெருவில் புரண்டு அழுதது என்று ஒன்று விடாமல் அவள் எதிரிலேயே கடை பரப்பினார். அத்தான் சங்கடத்தோடு அவள் பக்கம் கண்ணைக் காட்டினார். "அட, நாம பேசறது எதுவும் அவளுக்கு..." என்று இவர் கையை விரித்தார்.

சன்னலோரம் இருந்தவள் எழுந்தாள். அட்டைகள் அடுக்கியிருந்த அலமாரிக்குப் போனாள். அம்மாவைத் தாண்டி நேராக வந்து, விரித்த அந்தக் கையில் ஒரு அட்டையை வைத்தாள். அது கடையில் அடித்ததல்ல. ஆசிரியை கேட்டதற்காக மனைவி பேனாவால் வரைந்து கொடுத்தது: நிமிர்ந்த ஒரு உள்ளங்கை, அதன் கீழே 'போதும்'.

"என்னடா கேக்குறா?" என்றார் அக்கா.

அட்டைக்காரர் அட்டையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். விளக்கம் சொல்லத் திறந்த வாயை மறு கையால் இறுகப் பொத்திக்கொண்டு, அட்டை இருந்த கையை மூடாமல் நீட்டியபடியே, அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.