கூரையில்லாத வீட்டில் பால் காய்ச்சினேன்

முதலில் பால் காய்ச்சுகிறவனுக்கே வீடு என்று நான் நம்பினேன். நாற்பத்தாறு வயதில்! அதுவும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவன்.

சிரிக்காதீர்கள். என் நிலைமையைக் கேளுங்கள்.

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நான், மனைவி மரகதம், மூன்று பெண்கள் — லயத்து வரிசை வீடுகளில் ஒரே காம்பரா, ஒரே அறை. மூத்தவளுக்குப் பதினெட்டு வயது. அவள் சேலை மாற்ற வேண்டுமென்றால் நான் வெளியே போய் மழையில் நிற்க வேண்டும். வட்டவளையில் மழை எப்போது நின்றிருக்கிறது?

பள்ளிக்கூடத்துக்கு மேலே தோட்டத்தில் ஒரு தனி வீடு கட்டத் தொடங்கினார்கள். இரண்டு அறை, ஒரு குசினி. எனக்குத்தான் என்று தோட்டத்தை நடத்துகிற துரையே சொல்லியிருந்தார். சுவர் எழும்பியது. ஜன்னல் நிலை வைத்தார்கள். அப்புறம்... கூரைக்குத் தகரம் வரவில்லை. கட்டுகிற சிங்களக் கொத்தனார் பாஸைக் கேட்டால் “லபன சுமானே மாத்தயா” என்பார். அடுத்த வாரமாம். பாவம், அவருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருடம் பார்த்தார். சித்திரைக்கு ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை.

வீடே கட்டாவிட்டால் மனிதன் பேசாமல் இருப்பான். பாதி கட்டி நிறுத்தினால்தான் பித்துப் பிடிக்கிறது.

போன வாரம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் ஒரு செய்தி. பெரிய கங்காணி தன் மருமகனோடு போய் அந்த வீட்டை அளந்து பார்த்தாராம். எதற்கு அளப்பார்? கட்டில் போடத்தானே! நாம் முந்திக்கொண்டு பால் காய்ச்சிவிட்டால்? பால் பொங்கிய வீட்டிலிருந்து ஒரு குடும்பத்தைக் கிளப்ப யாருக்குத் துணிச்சல் வரும்? சாமி குத்தம் ஆகிவிடாதா?

“கூரை இல்லாத வீட்டுல பால் காய்ச்சுனா சாமி வருமா, மழை வருமாங்க?” என்றாள் மரகதம்.

மழைதான் வந்தது.

ஞாயிறு காலை. மூன்று கல், புதுச் சட்டி, அரைப் போத்தல் பால். மரகதம் அடுப்புக்குக் குடை பிடித்தாள். பெண்கள் எனக்குச் சாக்குப் பிடித்தார்கள். காற்று ஒரு சுழற்று சுழற்றியது, குடை மல்லாந்தது. கொஞ்ச நேரத்தில் சட்டி விளிம்பைத் தாண்டி வெள்ளையாக வழிந்தது. பொங்கிவிட்டது, பொங்கிவிட்டது என்று குதித்தேன்.

“பொங்கலைங்க. நெரம்பிருச்சு.”

அந்த நேரம் பார்த்து மலை சுற்றி வந்த கண்டாக்கையா வாசலில் தலையை நீட்டினார். லயத்துக் காம்பராக்களை யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பவர் அவர்தான்.

“என்னா மாஸ்டர், குடி வந்தாச்சா?”

கங்காணி காதுவரை போகட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி, “வந்தாச்சுங்கய்யா” என்றேன்.

மத்தியானம் சட்டியும் கையுமாக லயத்துக்குத் திரும்பினோம். எங்கள் காம்பரா வாசலில் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத ஒரு ஜோடி. இரண்டு வருடமாகத் தகரம் கொண்டுவர முடியாத தோட்டம், இரண்டு மணி நேரத்தில் என் காம்பராவுக்கு ஆள் கொண்டுவந்துவிட்டது!

கண்டாக்கையாவிடம் ஓடினேன். அங்கே கூரையே இல்லையே என்று மூச்சு வாங்கினேன்.

“நீங்கதானே மாஸ்டர் குடி வந்தாச்சுன்னு சொன்னீங்க? நானும் தொரைகிட்ட சொல்லிட்டேன். தொரைக்கு ரொம்ப சந்தோசம். அப்ப வீட்டு வேலை முடிஞ்சிருச்சுன்னு கொழும்பு கம்பனிக்கே எழுதிட்டாரு.”

கங்காணி அளந்தது தன் மாட்டுக் கொட்டிலை அதே அளவில் கட்டத்தானாம். இப்போது தெரிந்து என்ன செய்ய?

முடிந்துபோன வீட்டுக்குத் தகரம் வராது. நாங்கள் ஐந்து பேரும் அந்தப் புது ஜோடியும், நடுவில் ஒரு படுதா கட்டி, அதே காம்பராவில் இருக்கிறோம்.