புத்தகத்தில் இல்லாத எஞ்சின்

எனக்கு ஒன்பது வயதானபோது, அப்பாவின் காரில் வாங்கிய நாளில் இருந்தபடியே மிஞ்சியிருந்தவை கூரையும் இரண்டு கதவுகளும்தான். மற்றவை ஒவ்வொன்றாக மாறிவிட்டன. எழுபதுகளில் ஜப்பானில் செய்த செலிக்கா அது. கல்யாணத்துக்கு முன்பே, நாட்டைவிட்டுப் போன ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து அப்பா வாங்கியது. கடுகு மஞ்சள் நிறம், நீண்ட மூக்கு, பின்பக்கம் சரிந்த கூரை. பந்தயம் ஓடுகிற பணக்கார வீட்டுப் பையன்கள் வைத்திருக்க வேண்டிய வண்டி. அப்பாவோ நீர்ப்பாசனக் கந்தோரில் வரைபடம் பார்க்கிறவர். கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, யோசித்து யோசித்துப் பேசுகிற யாழ்ப்பாணத்து மனிதர். இந்த இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று அம்பிட்டியவில் எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகள் எல்லாம் வியந்தன.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அப்பாவும் அம்மாவும் குடியிருந்த வாடகை வீடு எரிந்தது. கார் எரியவில்லை. அந்தக் கிழமை அது அலவத்துகொடவில் நானாவின் கராஜில், சக்கரங்கள் இல்லாமல் மரக்குற்றிகளின் மேல் நின்றது. “என்ரை கூறைச்சீலை எரிஞ்சு போச்சு, உன்ரை அப்பான்ரை கார் தப்பிட்டுது” என்று அம்மா சொல்வார். அது காருக்குப் பாராட்டா, அப்பாவுக்குக் குத்தலா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

நானா எங்கள் மெக்கானிக். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற சொல் அது. அப்பா உட்பட நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டுத்தான் வருத்தம் என்னவென்று சொல்வார். காபரேட்டர் பிழை, பிளக் பிழை என்று யாராவது முடிவுகட்டிக்கொண்டு வந்தால் அவருக்குப் பிடிக்காது. “ஓட்டுறது நீங்க, கேக்கிறது நான்” என்பார். இல்லாத பிழையை இருக்கிறது என்று சொல்லிக் காரை வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அவரிடம் இல்லை. அதனால்தான் அப்பா அவரைத் தவிர வேறு யாரையும் பொனட்டைத் திறக்க விட்டதில்லை.

அப்பாவுக்குச் சில சட்டங்கள் இருந்தன. வருடத்துக்கு ஒரு வேலைதான். போடுகிற சாமான் அதே கொம்பனி செய்ததாக இருக்க வேண்டும். எது மாறினாலும் வெளியில் தெரியக்கூடாது. ஒரு வருடம் முன்சக்கரங்களுக்கு நல்ல பிரேக் வந்தது. அடுத்த வருடம், மலையேறும்போது கொதிக்காமலிருக்கத் தடித்த ரேடியேட்டர். பிறகு ஷொக் அப்சோபர், பிறகு ஒன்றுக்குப் பதில் இரண்டு காபரேட்டர். பார்க்கிறவனுக்கு அது பழைய மஞ்சள் கார்தான். உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்பாவுக்கும் நானாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அந்த மூன்றாவது ஆளாக இருப்பதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

நான் நாலாம் வகுப்பில் இருந்த வருடம் எஞ்சின் வந்தது. ஜப்பானில் ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றி, கப்பலேற்றிக் கொழும்பில் விற்கிற எஞ்சின். அதே கொம்பனி, அதே குடும்பம், ஆனால் தலையில் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் தண்டு ஒன்றுக்குப் பதில் இரண்டு. நானா அதைப் பூட்டி முடித்த அன்று, முன்பு இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு ஏறும் அம்பிட்டிய ஏற்றத்தைக் கார் மூன்றாம் கியரில் ஏறியது. அப்பா பல் தெரியச் சிரித்தார். அப்படிச் சிரிக்கக்கூடியவர் அவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. பழைய எஞ்சின் கராஜின் மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. நானா எதையும் எறிகிறவர் அல்ல.

சிக்கல் கார்ப் புத்தகத்தில், அதாவது காரின் பதிவுப் புத்தகத்தில், இருந்தது. அதில் எஞ்சினின் இலக்கம் எழுதப்பட்டிருக்கும். எஞ்சினை மாற்றினால் புத்தகத்தையும் மாற்ற வேண்டும், அதற்குக் காரைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அது வாகனங்களில் குண்டு வைத்துக்கொண்டிருந்த காலம். வழிநெடுகச் சோதனைச் சாவடிகள். புத்தகத்தில் இல்லாத எஞ்சினோடு ஒரு தமிழர் கொழும்புக்குள் போக முடியாது. கொழும்புக்குள் போகாமல் எஞ்சினைப் புத்தகத்தில் ஏற்றவும் முடியாது. “சண்டை கொஞ்சம் ஓயட்டும்” என்றார் அப்பா. கார்ப் புத்தகம் திருத்துவதற்குச் சமாதானம் வரட்டும் என்று காத்திருந்த மனிதர் வேறு எந்த நாட்டிலாவது இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல்லேகலப் பக்கம் நேரான வீதியில் காரைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்க்க அப்பா புறப்பட்டார். நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். வழியில் ஒரு சாவடியில் மறித்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் காரைச் சுற்றி வந்தான். அவனுக்கு அது பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பொனட்டைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தவன், இந்தப் பழைய காருக்குள் இப்படியொரு எஞ்சினா என்று சிங்களத்தில் கேட்டான். கேள்வியில் சந்தேகம் இல்லை, ஆசைதான் இருந்தது. அப்பா தன்னுடைய கந்தோர்ச் சிங்களத்தில், பழைய எஞ்சின்தான், கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கேம் எஞ்சினைப் பழையது என்று சொல்கிறாரே! பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் என் சிங்களம் அப்பாவுடையதை விட நன்றாக இருக்கும். கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, இல்லை மாமா, இது புது எஞ்சின், கொழும்பிலிருந்து லொறியில் வந்தது, பழையது அலவத்துகொடவில் இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சொற்களை இன்றைக்கு எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சிப்பாயின் சிரிப்பு நின்றது. புத்தகத்தை வாங்கி எஞ்சினோடு ஒத்துப் பார்த்தான். இலக்கங்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தவன் மூன்றாவதிலேயே நிறுத்திவிட்டு, தன் அதிகாரியைக் கூப்பிட்டான். பிறகு எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றி ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே அப்பாவை உள்ளே அழைத்துப் போனார்கள். என்னை ஒரு பெண் பொலிஸிடம் விட்டார்கள். அவர் எனக்கு பிஸ்கட் தந்து, மெதுவாகக் கேள்விகள் கேட்டார். எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கிவிட்டால் அப்பாவை அனுப்பிவிடுவார்கள் என்பது என் கணிப்பு. ஆகவே நானாவின் பெயர், கராஜுக்குப் போகும் வழி, எஞ்சின் கிடக்கும் மூலை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

அம்மா ஓட்டோவில் வந்து சேர்ந்தபோது அப்பாவை வேறொரு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். எந்த இடம் என்று அம்மாவுக்கும் சொல்லவில்லை. அம்மா என்னை ஏசவில்லை. வெளியே வந்ததும் ஒன்றை மட்டும் கேட்டார்.

“வேறை என்ன சொன்னனி?”

“நானாவைப் பற்றிச் சொன்னனான்.”

அம்மா என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அலவத்துகொட பஸ்ஸில் ஏறினார். அதுவரை அந்தக் கராஜில் அவர் கால் வைத்ததில்லை. தன் புருஷனைக் கெடுத்த ஆள் என்பது நானாவைப் பற்றி அவருடைய அபிப்பிராயம். உங்களைத் தேடி வருவார்கள், எங்கேயாவது போய்விடுங்கள் என்று சொல்லத்தான் போயிருக்கிறார். நானா எங்கேயும் போகவில்லை. மறுநாள் காலை, செங்கல் ஏற்றுகிற லொறி ஒன்றில் பழைய எஞ்சினைப் போட்டுக்கொண்டு தானே பொலிஸ் நிலையத்துக்கு வந்து நின்றார். நான்கு பேர் அதைத் தூக்கி வாசலில் இறக்கினார்கள். நானா மண்ணெண்ணெய்த் துணியால் இலக்கத்தைத் துடைத்துக் காட்டினார். அது புத்தகத்தில் இருந்த இலக்கம்தான். புது எஞ்சின் வாங்கிய சிட்டையையும் கொண்டுவந்திருந்தார். அவரையும் அன்று பின்னேரம் வரை மர வாங்கில் உட்கார வைத்துத்தான் விட்டார்கள்.

அப்பா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். இடது கை உடம்போடு ஒட்டினாற்போல் தொங்கியது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். நான் நம்பினேன். டொக்டர் தோளில் கட்டுப் போட்டு, பிறகு அவிழ்த்தார். அம்மா தினமும் அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் பூட்டிவிட்டார். ஒருவரும் என்னை எதற்காகவும் கண்டிக்காததால், நான் செய்தது சரிதான் என்று முடிவுசெய்தேன். நான் உண்மையைச் சொன்னபடியால்தான் அப்பா இவ்வளவு சீக்கிரம் வெளியே வந்தார் என்று பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியிடம் சொல்லவும் செய்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் காரைத் திருப்பித் தந்தார்கள். நானா புது எஞ்சினைக் கழற்றிப் பழையதைப் பூட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். எனக்கு அதுவே பெரிய கோபம். அப்பா ஏறி உட்கார்ந்து, இடது கையைக் கியரின் மேல் வைத்தார். தள்ளினார். மறுபடியும் தள்ளினார். நெற்றியில் வியர்த்திருந்தது. நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, “கியர் இறுக்கமா இருக்கு, நானா” என்றார்.

நானா ஏறி ஒழுங்கையின் முடக்கு வரை ஓடித் திரும்பி வந்தார். இப்போது ‘கேக்கிறது நான்’ என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கையைத் துணியில் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார்.

“ஓம் சேர், சரியான இறுக்கம் ஈக்கி. கியர் பொக்ஸக் கழட்டோணும். சாமான் கொழும்பால வரோணும், கொஞ்சம் நாள் எடுக்கும்.”

காரைத் திரும்பவும் கொண்டுபோய்விட்டார். அப்பா பஸ்ஸில் வேலைக்குப் போனார். ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஐந்து கிழமை. அம்மா காலையும் மாலையும் அப்பாவின் தோளுக்கு எண்ணெய் தேய்த்தார். சாமான் வரவில்லை என்றே நானாவிடமிருந்து செய்தி வந்தது.

ஆறாவது கிழமை அப்பாவும் நானும் பஸ்ஸில் அலவத்துகொட போனோம். அவர்கள் இருவரும் உள்ளே பிளேன்டீ குடிக்க, நான் காரில் ஏறினேன். கியர் பொக்ஸ் கழற்றப்படவே இல்லை. காரின் மேல் தூசிதான் படிந்திருந்தது. கிளச்சை எட்டி மிதித்து, கியரைத் தள்ளிப் பார்த்தேன். முதலாம், இரண்டாம், மூன்றாம், நாலாம். வெண்ணெய் மாதிரிப் போனது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நானாவும் மற்ற மெக்கானிக்குகளைப் போலத்தான். ஒன்றுமில்லாத காரை வைத்துக்கொண்டு அப்பாவை ஏமாற்றுகிறார். அப்பாவுக்கோ தன் காரைப் பற்றியே தெரியவில்லை. அங்கேயே சொன்னால் அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விடும் என்று பெரிய மனதோடு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

பின்னேரம் பிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். “அப்பா, நானா பொய் சொல்லுறார். கியர் இறுக்கமே இல்லை. நான் போட்டுப் பாத்தனான்.”

அப்பா பிட்டைக் குழைத்துக்கொண்டே, “அப்பிடியோ? அப்ப எனக்கு மட்டும்தான் இறுக்கமாக்கும்” என்றார்.

அம்மா பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு எழுந்து குசினிக்குள் போனார். போனவர் வரவில்லை. ஒரு மெக்கானிக்கைக் குறை சொன்னதற்கு இத்தனை கோபமா என்று எனக்கு ரோசம் வந்தது. நான் சொன்னதை இருவரும் நம்பவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். அதனால் குசினிக்கும் கேட்கட்டும் என்று இன்னும் உரக்கச் சொன்னேன்.

“ஒரு விரலால தள்ளினன் அப்பா! ஒரே ஒரு விரலால!”