மழைக்காலத்துப் பிடி அரிசி

எங்கள் சபையில் யாருக்கு எவ்வளவு பக்தி என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னோம்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் இருந்தோம். லயம் என்கிற ஒற்றையறை வீட்டு வரிசைகளில் இருந்த சனங்களில் பெரும்பாலானவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள நாங்கள் சில குடும்பங்கள்தான். மேட்டில் எங்களுக்கு ஒரு தகரக் கூரைக் கோயில் இருந்தது. அந்தச் சில குடும்பத்துப் பெண்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. உலையில் அரிசி போடும் முன்பு ஒரு பிடி எடுத்துப் பால்மா டின்னில் போட்டுவிட வேண்டும். அது கர்த்தருடைய பிடி. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போய், காணிக்கை ஜெபம் நடக்கும்போது பீடத்துக்கு முன்னால் இருக்கும் சாக்கில் ஒவ்வொருவராகக் கொட்டுவார்கள். கொடுப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக அந்த நேரத்தில் சபை முழுவதும் கண்ணை மூடியிருக்கும்.

கண்ணைத்தான் மூடச் சொன்னார்கள். காதை மூடச் சொல்லி யாரும் உபதேசம் பண்ணவில்லை. அரிசி 'சர்ர்ர்' என்று நீளமாக விழுந்தால் அது என் அம்மா. பொலபொலவென்று நாலு மணி விழுந்து சட்டென்று நின்றால் அது சபை மூப்பர் வீட்டம்மா. மூப்பர்தான் தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளை. தனி வீடு, வீட்டுக்குள் மூட்டை அடுக்கிய ஸ்டோர் அறை, அதற்கு ஒரு பூட்டு. பால் வெட்டும் மலையிலும் கோயிலிலும் மற்றவர்களிடம் வேலை வாங்குவதே அவர் வேலை.

சாக்கில் சேர்ந்த அரிசியைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிவப்பரிசி, நாட்டரிசி, சம்பா, பச்சையரிசி, குறுணல் எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். ஒரே பானையில் ஏற்றினால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. கோயில் அரிசியை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். அதில் ஒரு பங்கு ஆராதனை நடத்தும் உபதேசியாருக்குப் போகும். ஒண்டிக்கட்டையான, மெலிந்த, நல்ல மனிதர். அவருடைய ஜெபங்கள் எப்போதும் சுருக்கமாக இருந்ததற்கு அந்தச் சோறுதான் காரணம் என்பது என் கட்சி. மீதி அரிசி ஏழைகளுக்கு என்று ஏற்பாடு.

றப்பர் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டையில் நிற்காமல் மழைத் தண்ணீரோடு ஓடிவிடும். வெட்டு இல்லையென்றால் சம்பளமும் இல்லை. தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் நனைந்துகொண்டு கொழுந்து பறிப்பார்கள், நாங்கள் நனையாமல் உள்ளே உட்கார்ந்து பட்டினி கிடப்போம். அந்த வருடம் மழை பிடித்தது பிடித்ததுதான், விடவே இல்லை. அப்பா கொழும்புக்குக் கடை வேலை தேடிப் போய்விட்டார். அம்மாவும் நானும் பலாக்கொட்டையும் ஈரப்பலாக்காயும் மரவள்ளியுமாகக் காலத்தை ஓட்டினோம். எனக்கு அப்போது பதினெட்டு வயது. வெட்டுவதற்கு என் பங்கு மரங்கள் இருந்தன, எல்லாம் நனைந்துகொண்டு நின்றன.

உலையில் அரிசியே போடாத வீட்டில் பிடி அரிசிக்கு எங்கே போவது? சபைக் கமிட்டியில் இது பெரிய வேத விசாரணையாகவே நடந்தது. மரவள்ளி அவித்தால் மரவள்ளியிலே ஒரு பிடி போடலாமா என்று ஒருவர் கேட்டார். மூப்பர் தாடையைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"அதெல்லாம் சரிப்படாது. கஷ்ட காலத்துல குடுக்கிறதுதான் காணிக்கை. இருக்கிறப்ப யாரு வேணும்னாலும் குடுப்பாங்க."

அவர் வீட்டில் இருந்தது. அப்படியானால் அவர் கொடுப்பதை எந்த வகையில் சேர்ப்பது என்று கமிட்டியில் ஒருவரும் கேட்கவில்லை.

அதிலிருந்து ஞாயிறுதோறும், வேதப் புத்தகத்தில் தன்னிடம் இருந்ததையெல்லாம் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போன அந்த ஏழை விதவையைப் பற்றித்தான் பேச்சு. அந்த மழையோடு அவள் எங்கள் லயத்திலேயே ஒரு காம்பரா எடுத்துக் குடியேறிவிட்டாள் என்று அம்மா சொல்வாள். சொல்லிவிட்டு, பிடி அரிசி வாங்கப் பக்கத்துக் காம்பராவுக்குப் போவாள்.

பக்கத்துக் காம்பரா அக்கா கல்யாணமாகி வந்து அதிக காலம் ஆகாதவள். நிறைமாதக்காரி. நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருப்பாள். அவள் புருஷன் யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் மூட்டை தூக்கினான். அதனால் லயத்திலேயே அவள் வீட்டில் மட்டும் அரிசி இருந்தது.

"புள்ள, ஒரு பிடி அரிசி இருந்தா குடு. கோயிலுக்குப் போடணும்" என்பாள் அம்மா.

"சாமிக்குத்தானே பெரியம்மா. எடுத்துக்குங்க."

எந்தச் சாமி என்று அவள் கேட்டதே இல்லை. மற்ற லயங்களில் இருந்த வேதக்காரப் பெண்களும் இப்படித்தான் அக்கம்பக்கத்தில் வாங்கிப் போட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. ஆக, மாரியம்மன் பிள்ளைகளின் அரிசியில் எங்கள் கர்த்தரின் சாக்கு நிறைந்தது.

நிறைந்த சாக்கை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டுமே. மூப்பர் சபையைப் பார்த்து, "நம்ம சபையில கஷ்டப்படுற குடும்பம் இருந்தா எழும்பி நில்லுங்க" என்றார்.

எழும்புவார்களா? பசியைத் தாங்கிவிடலாம், பசிக்கிறது என்று எழும்பி நிற்பதைத் தாங்க முடியாது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவராக எழும்பி, கர்த்தர் ஒரு குறையும் வைக்கவில்லை என்று சாட்சி சொன்னார்கள். அம்மாவும் சொன்னாள். காலையில் வெறும் தேயிலைச் சாயத்தண்ணி குடித்துவிட்டு வந்திருந்த என் வயிறு, பக்கத்தில் இருந்துகொண்டு வேறு சாட்சி சொன்னது. கடைசியில் எங்கள் சபையில் ஏழைகளே கிடையாது என்று முடிவாயிற்று. மூப்பருக்குப் பெருமை தாங்கவில்லை. குருவிட்டைப் பக்கம் வெள்ளத்தில் சனங்கள் தவிக்கிறார்கள், சாக்கை அங்கே அனுப்பிவிடலாம் என்றார். ஒரு பெரிய சபையிலிருந்து லொறி வருவதாக ஏற்பாடு. பாதையில் மண் சரிந்து கிடந்ததால் லொறி வரவில்லை. சாக்கு பீடத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது.

அந்த இடைவெளியில்தான் பக்கத்துக் காம்பரா அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஆறு பெருகிக் கடைவீதிக்குள் புகுந்திருந்தது. முதலாளியின் மூட்டைகள் நனைந்து போயின. கடை பூட்டப்பட்டது. புருஷனுக்கு வேலை இல்லை, வீட்டில் அரிசி இல்லை. பிள்ளை பெற்றவள் அவித்த மரவள்ளியைத் தின்றுகொண்டு கிடந்தாள். பால் ஊறவில்லை. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழும். லயத்து நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அதனால் அழுகை அப்படியே எங்கள் காம்பராவுக்குள் விழும். நாளாக ஆக அந்த அழுகையின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அம்மா மூப்பர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"ஐயா, பக்கத்துக் காம்பரா புள்ளைக்குக் கொஞ்சம் அரிசி வேணுங்க. கோயில் சாக்குலேருந்து எடுத்துக் குடுங்க. பச்ச ஒடம்புக்காரி, பால் இல்லாம கிடக்கிறா."

"அது கர்த்தருக்குப் போட்ட அரிசியாச்சே. குருவிட்டைக்குன்னு சொல்லிட்டோம். அதோட அவங்க நம்ம சபையும் இல்ல."

"குருவிட்டையில இருக்கிறவங்க எல்லாம் நம்ம சபைங்களா ஐயா?"

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்தச் சாக்குல நான் போட்டது அவ வீட்டு அரிசிங்க. அவகிட்ட வாங்கித்தான் போட்டேன்."

மூப்பர் வெளியே எட்டிப் பார்த்தார். "இத எங்கேயும் சொல்லிராதீங்க. சபைக்கு வெக்கம்" என்றார். குழந்தைக்குப் பால் இல்லாதது சபைக்கு வெட்கமில்லை போலும்.

அந்த ஞாயிறு காணிக்கை ஜெபம் தொடங்கியது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. நானும் மூடியிருந்தால் இதை யார் சொல்வது? அம்மா வெறும் பையோடு எழும்பிப் போனாள். சாக்குக்கு முன் முழங்காலிட்டாள். கையை விட்டு அள்ளித் தன் பையில் போடத் தொடங்கினாள். அரிசி சாக்கில் விழும் சத்தம் எங்கள் காதுக்குப் பழக்கம். சாக்கிலிருந்து அள்ளும் சத்தம் புதிது. கேட்காமல் இருக்குமா? ஒரு தலையும் அசையவில்லை. முன் வரிசையில் மூப்பரின் புருவம் மட்டும் நெளிந்தது. ஆனால் ஜெபத்தின் நடுவில் மூப்பரே கண்ணைத் திறந்தார் என்றால் பேச்சு வராதா? அவர் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

உபதேசியார் கண்ணைத் திறந்துவிட்டார். நேராக அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கை சாக்குக்குள்ளேயே நின்றது. அவர் மறுபடி கண்ணை மூடினார். வழக்கமாக ஆமென் சொல்லும் இடத்தில் ஆமென் சொல்லாமல், ஜனாதிபதிக்காக ஜெபித்தார். மந்திரிமாருக்காக ஜெபித்தார். தோட்டத்துத் துரைக்காக, துரைசாணிக்காக, யுத்தத்தில் இரண்டு பக்கமும் நிற்கிற பிள்ளைகளுக்காக, பஸ் ஓட்டுகிறவர்களுக்காக, ஊரில் இருக்கிற ஆடுமாடுகளுக்காக ஜெபித்தார். அம்மா பையை நிரப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்த பெண் எழும்பிப் போனாள். அவளும் அள்ளினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஏழைகளே இல்லாத சபையின் பெண்கள் வரிசையாகப் போய் அள்ளி முடித்த பிறகுதான் உபதேசியாருக்கு ஆமென் வந்தது.

மறுநாள் பார்த்து லொறி வந்து சேர்ந்தது. அடியில் கொஞ்சம் அரிசியோடு தொங்கிய சாக்கை மூப்பர் தூக்கிக் கொடுத்துவிட்டு, "மீயோ கேவா" என்றார் சிங்களத்தில். எலி தின்றுவிட்டதாம். டிரைவர் சாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு ஓட்டையும் இல்லை. கெட்டிக்கார எலிகள் என்று சிரித்துக்கொண்டே ஏற்றினான்.

அம்மா பையை, கோயிலில் கொடுத்துவிட்டது என்று சொல்லி, அப்படியே அந்த அக்காவிடம் கொடுத்திருந்தாள். ஒரு பிடியாவது எங்களுக்கு வைத்திருக்கலாம். வாய்விட்டே கேட்டேன். "நமக்குத்தான் பலாக்கொட்ட இருக்குல்ல" என்றாள். தியாகத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது சுலபம். தியாகம் பண்ணுகிறவளோடு ஒரே அடுப்பில் சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்தச் சோறு கொதிக்கும் வாசனை சுவருக்கு மேலாக வந்தபோது எனக்கு அம்மா மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல.

சில நாள் கழித்து மூப்பர் லயத்துக்கு வந்தார். அரிசி எடுத்தவர்களைப் பிடிக்க வந்த வேகம் நடையில் தெரிந்தது. நேராகப் பக்கத்துக் காம்பரா வாசலில் போய் நின்றார். நான் உள்ளே அடுப்பு ஊதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்காவின் தட்டில் சிவப்பும் வெள்ளையுமாகச் சோறு. வேறு சாட்சி வேண்டியதில்லை. மூப்பர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் மடியில் குழந்தையோடு அவசரமாக எழும்பி, எச்சில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"கோயில் ஐயாங்களா? நீங்க குடுத்துவிட்ட அரிசிதாங்க. புள்ளைக்குப் பால் வந்திருச்சுங்க. நீங்க நல்லா இருக்கணும்."

மூப்பர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல எழும்பினார். பால் இல்லாமல் தவித்த ஒரு ஏழைத் தாய்க்கு, மதம் பார்க்காமல், கர்த்தர் தன் மூலமாக அரிசி கொடுத்தாராம். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் எழும்பப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தானே எழும்பினாள்.

"ஸ்தோத்திரமுங்க. மழை விடுற மட்டும் அந்தப் புள்ளைக்கு வாராவாரம் அரிசி குடுக்கிறதா ஐயா சொல்லியிருக்காங்க. ஐயாவையும் அவங்க குடும்பத்தையும் கர்த்தர் ஆசீர்வதிக்கணும்."

சபை முழுவதும் ஆமென் என்றது. உபதேசியாரின் ஆமென் எல்லோரையும்விடப் பலமாக இருந்தது. மூப்பர் அப்படி யாரிடமும் சொல்லவில்லை. இல்லை என்று சபைக்கு முன்னால் எந்த வாயால் சொல்வார்?

கொடுத்தார். தன் ஸ்டோர் அறையின் பூட்டைத் திறந்து, கலப்படமில்லாத சம்பாவாகக் கொடுத்தார். முதல் தடவை பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அடுத்த தடவை குடைக்குள் நின்றபடியே குழந்தையை எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு பையில் சுறாக் கருவாடும் இருந்தது. பால் ஊறுவதற்கு அதுதான் நல்லது என்று வீட்டம்மா சொன்னதாகச் சொன்னார். அக்கா சும்மா இருக்க மாட்டாள், அந்தச் சம்பாச் சோற்றில் ஒரு கிண்ணம் எங்களுக்கும் வரும். நான் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே மூப்பரைத் திட்டுவேன்.

ஒருவழியாக மழை விட்டது. பட்டை காய்ந்தது, வெட்டுத் தொடங்கியது. கடைவீதியில் கடையும் திறந்து, அக்காவின் புருஷன் வேலைக்குப் போய்விட்டான். அந்த வாரமும் மூப்பர் பையோடு லயத்துக்கு வந்தார். அவரை விட்டுவிடலாம் என்று அம்மாவுக்கே இரக்கம் வந்தது.

"மழைதான் விட்டிருச்சுங்களே ஐயா" என்றாள்.

அவர் கேட்காதவர் போலக் குனிந்து வாசலுக்குள் நுழைந்தார். பிறகு உள்ளேயிருந்து சொன்னார்:

"புள்ள இன்னும் பால்தானே குடிக்குது."

அந்த மனிதரை எனக்கு அதற்கு முன்பும் பிடிக்காது, அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை. மலையில் அவர் எங்களைப் படுத்திய பாடு அப்படி. அன்றும் ஏதாவது கிண்டலாகச் சொல்லத்தான் அம்மா பக்கம் திரும்பினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.