அப்பாவின் வலது கண்ணும் ஐந்து ஆற்றுப் பாலங்களும்

சென்ற சித்திரையில் அப்பாவுக்கு வலது கண்ணில் புரை அறுவைசிகிச்சை. தனியார் மருத்துவமனையில் முப்பத்தைந்தாயிரம் கேட்டார்கள். தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் இலவசம். கையிலிருந்து காசைப் பிரிக்க எனக்கே தனியாக ஓர் ஆபரேஷன் வேண்டும் என்பாள் என் மனைவி. நான் எங்கே போயிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கு வேறு அவசரம். பக்கத்து வயல்காரரான சித்தப்பா மூன்று வருடமாக வரப்பை எங்கள் வயலுக்குள் அரக்கி நகர்த்துகிறார் என்பது அவர் கட்சி. பார்வை தெளிந்ததும் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமாம்.

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் பதின்மூன்று கிலோமீட்டர். காலை ஆறரை மணி டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். வழியில் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. கோடையில் எல்லாமே மணல்தான். அப்பா பாலத்துக்கு ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லி வந்தார். வடவாறு வருவதற்குள் சித்தப்பாவுக்கு ஆயுள் தண்டனை உறுதியாகிவிட்டது.

கண் பிரிவுக்குப் போனால், பெஞ்சில் அதே சித்தப்பா! சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர், அண்ணனுக்கு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டுக் காத்திருந்தார். அப்பாவின் பிரஷர் நூற்றுத் தொண்ணூறைத் தொட்டது.

"இறங்கினாத்தான் ஆபரேஷன். இல்லாட்டி அடுத்த வாரம் வாங்க," என்றார் நர்ஸ்.

என் லீவோ ஞாயிறோடு முடிகிறது. அப்புறம் முப்பத்தைந்தாயிரம்தான். சித்தப்பாவிடம் கொஞ்ச நேரம் வெளியே இருக்க முடியுமா என்று கேட்டேன். மறுபேச்சில்லாமல் எழுந்து போனார். பிரஷர் இறங்கியது, அப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள். மதியம் டீ வாங்கப் போனபோது சித்தப்பா இன்னும் வெயிலில்தான் நின்றிருந்தார்.

"பிரஷர் இறங்கிடுச்சாப்பா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் ஆபரேஷன், அதற்கடுத்த நாள் கட்டுப் பிரித்து அனுப்பினார்கள். லென்ஸ், மருந்து, சாப்பாடு, கறுப்புக் கண்ணாடி எதற்கும் காசில்லை. பஸ், டீ எல்லாம் சேர்த்தே முந்நூறு ரூபாய் தாண்டவில்லை.

ஊரில் இறங்கியதும் அப்பா வீட்டுக்கு வராமல் நேராக வயலுக்கு நடந்தார். வரப்பு வளைந்துதான் இருந்தது. ஆனால் சித்தப்பாவின் வயலுக்குள் வளைந்திருந்தது. மங்கிய கண்ணோடு வருடாவருடம் மண்வெட்டி எடுத்து எங்கள் பக்கம் வரப்பைச் செதுக்கிக் கழித்தவர் அப்பாதான். அது மெலிய மெலிய, சித்தப்பா தன் பக்கம் மண் அணைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அப்பா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் வளைவு மாறவில்லை.

"கண்ணு தெரியாத மனுஷன்கிட்ட என்னத்த சண்டை போடுறதுண்ணே?" என்றார், பின்னாலேயே வந்த சித்தப்பா. "இப்பத் தெரியுதுல்ல. வாங்க, கயிறு பிடிச்சுப் பாத்துடுவோம்."

பிடித்ததில் ஒரு முழம் சித்தப்பாவுக்குப் போனது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆதார், ரேஷன் கார்டு, பழைய மருந்துச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் ஒரு மாதம் குனியக் கூடாது, மண்வெட்டியைத் தொடவே கூடாது. வரப்பை நேராக்கும் வேலை முழுக்கச் சித்தப்பா தலையில்தான் விழுந்தது.

இடது கண்ணிலும் புரை இருக்கிறது, அடுத்த மாதமே போய்விடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"ஒரு கண்ணு தெளிஞ்சதுக்கே ஒரு முழம் போயிடுச்சு," என்றார் அவர். "இது இப்படியே இருக்கட்டும்டா."