ஹனிகட்டின் பெல்ட்டைப் பிடித்தவர்

லோவெல் சாபோவுக்குச் சம்பளம் கொடுத்தது பையன்களுக்கு எடை தூக்கச் சொல்லித் தருவதற்காக. ஆனால் டொலீடோ நகரில் யாரைக் கேட்டாலும் அவர் வேலை பெல்ட் பிடிப்பது என்றுதான் சொல்வார்கள். வாரம் முழுக்க பைலட்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணியின் ஆட்டக்காரர்களுக்கு உடற்பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கிவிட்டால், ஹெட் கோச் ஹனிகட்டின் பின்னால் நின்று அவருடைய இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோச் ஆவேசத்தில் ஓரக்கோட்டைத் தாண்டி நடுவர்மீது முட்டினால் அணிக்கு அபராதம். பந்தைப் பதினைந்து கஜம் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள், கையில் இருந்த ஆட்டம் நழுவிப் போய்விடும். அதனால் பெரும்பாலான அணிகளில் இப்படி ஒரு ஆள் உண்டு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், அதுவும் வேலைதான்.

ஹனிகட் மற்ற நாட்களில் சாது. அறையில் உட்கார்ந்து பாலில்லாக் காபி குடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகளின் படம் காட்டுவார். விசில் ஊதிவிட்டால் சாமி வந்தவர்தான். "விடுடா என்னை! அந்தக் குருட்டுப் பயலை என்னன்னு கேட்டுட்டு வரேன்!" என்று திமிறுவார். லோவெல் விடமாட்டார். உடும்புப்பிடி. விட்டால் நடுவர் முறைப்பார், இழுத்தால் கோச் முழங்கையால் இடிப்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரு முறை விலா எலும்பில் விரிசலே விட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மறுநாள் காலை லோவெலின் மேஜைமேல் ஒரு டப்பா டோனட் இருக்கும். அதுதான் ஹனிகட்டின் மன்னிப்பு, வாயால் கேட்டதில்லை.

இன்னொரு விஷயம் கேட்டால் நம்பமாட்டீர்கள். இத்தனை வருஷத்தில் லோவெல் ஒரு ஆட்டத்தையும் பார்த்தது கிடையாது. அவர் பார்த்ததெல்லாம் ஹனிகட்டின் முதுகு, வெள்ளைக் கோடு, ஓடி வருகிற நடுவரின் கால்கள். முதுகு இறுகினால் பந்து கைமாறிவிட்டது, தோள் இறங்கினால் தோல்வி.

லோவெல் பிறந்தது இதே டொலீடோவில் ஆற்றின் கிழக்குக் கரையில், ஹங்கேரிக்காரர்கள் குடியேறிய தெருவில். முழங்கால் போனதால் ஆட்டக்காரர் ஆகாமல் கோச் ஆனவர். பிறகு ஹனிகட்டோடு ஒட்டிக்கொண்டார். ஹனிகட்டை ஒரு ஊர் துரத்தும், இன்னொரு ஊர் கூப்பிடும், அவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். லோவெலின் மனைவி டார்லா ஒவ்வொரு ஊரிலும் திரைச்சீலை வாங்கி மாட்டி, கழற்றி, அடுத்த ஊர் ஜன்னலுக்கு அளவு சரியில்லாமல் தூக்கிப் போட்டாள். டொலீடோவுக்கு வந்த பிறகுதான் அவள் நிலைத்தாள். பள்ளிப் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்தத் தெருவுக்கு என்று அனுப்புகிற வேலை. முரட்டு ஓட்டுநர்கள்கூட அவள் குரல் கேட்டால் ஒழுங்காக நிற்பார்கள்.

போன டிசம்பரில் பைலட்ஸ் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தபோதே டார்லா சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவை ஹனிகட்டைத் தூக்கினாங்கன்னா, அவர் எங்க கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன். நீ வேணா போ."

"தூக்கமாட்டாங்க."

"நீ அவர் முதுகைத்தானே பாக்கறே. நான் கணக்கைப் பாக்கறேன். தூக்குவாங்க."

கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் காலை தூக்கிவிட்டார்கள். ஹனிகட் தன் பெட்டியைத் தானே சுமந்துகொண்டு கார் நிறுத்தும் இடத்துக்குப் போனார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. லோவெல் கதவைத் திறந்து பிடித்தார். இரண்டு பேரும் நேருக்கு நேராக முகம் பார்த்து நின்றது அவர்களுக்கே புதுசாக இருந்தது. "ஃபோன் பண்றேன்டா" என்றார் ஹனிகட். அவ்வளவுதான். வண்டி போய்விட்டது. லோவெலுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்திருந்தது.

ராஜா போனாலும் மந்திரிகள் உடனே போய்விட முடியாது. துணைக் கோச்சுகள் எல்லோருக்கும் ஒப்பந்தம் பாக்கி இருந்தது. புதிய ஹெட் கோச் வந்து யார் வேண்டும், யார் வேண்டாம் என்று சொல்லும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். தினமும் வந்தார்கள். செய்ய ஒன்றுமில்லை. அணி முதலாளியின் விமானம் எந்த ஊரில் இறங்குகிறது என்று ஃபோனில் பார்த்து, அந்த ஊரில் எந்தக் கோச் இருக்கிறார், அடுத்து வரப்போவது அவர்தானா என்று ஜோசியம் பார்த்தார்கள். லோவெல் மட்டும் எடைத் தட்டுகளைத் துடைத்து அடுக்கினார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் பயந்த ஒரே வாக்கியம், "டேப்லட்டை எடுத்துட்டு வாங்க" என்பது. ஆட்டத் திட்டங்கள் எல்லாம் அந்தக் கருவியில்தான் இருக்கும். அதைத் திருப்பி வாங்கினால் வேலை போனது என்று அர்த்தம்.

ஒரு மதியம் தடுப்பாட்டக் கோச் ரூஃபஸ் டில்லார்ட் எடை அறைக்குள் வந்தான். ஜார்ஜியாக்காரன், மலை மாதிரி உடம்பு, வாய் மூடாதவன். அன்று மூடியிருந்தது.

"ஹனிகட் கூப்பிட்டார்யா" என்றான் கடைசியில். "நாட்டோட மேற்குக் கோடில ஒரு டீம். ஹெட் கோச் வேலை இல்ல, தடுப்பாட்டத்தை மட்டும் பாத்துக்கணும். என்னையும் இன்னும் ரெண்டு பேரையும் வரச் சொன்னார்."

"நல்லதுப்பா" என்றார் லோவெல்.

"உன்னையும் கூப்பிடுவாரு. வேலை மும்முரத்துல இருப்பாரு."

"ஆட்டத்தப்ப அவர் எங்க இருப்பாரு?"

ரூஃபஸ் தரையைப் பார்த்தான். "மேல. ஸ்டேடியத்து உச்சில இருக்கற கண்ணாடி அறைல."

கண்ணாடி அறையில் நாற்காலி உண்டு, மேஜை உண்டு. ஓரக்கோடு கிடையாது. லோவெல் தலையாட்டிவிட்டு அடுத்த தட்டைத் துடைத்தார். ரூஃபஸ் அவரைக் கட்டிப்பிடித்து, முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். வீட்டில் டார்லாவிடம் லோவெல் இதைச் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று நினைத்து மறைக்கவில்லை. சொல்ல வாய் எழவில்லை, அவ்வளவுதான். ஹனிகட்டிடமிருந்து ஃபோன் வரவும் இல்லை. இனி அவருக்கு இருந்தது ஒரே வழி, புதிய கோச் அவரை வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொண்டால் டொலீடோவிலேயே இருக்கலாம், டார்லாவோடு இருக்கலாம்.

புதிய கோச் ட்ரென்ட் ஆஷ்வொர்த் வந்தார். முப்பத்தெட்டு வயது, சலவை கலையாத சட்டை, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி பின்னாலேயே அவருடைய ஆட்கள். பெயர்ப்பலகைகள் மாறின. அவரை ஊருக்கு அறிமுகப்படுத்தப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார்கள். கூட்டம் நிறைந்து தெரிய வேண்டும் என்று பழைய ஆட்களையும் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையில் பின்வரிசையில் நிற்கச் சொன்னார்கள். லோவெலுக்குக் கிடைத்த இடம் ஆஷ்வொர்த்துக்கு நேர் பின்னால்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிருபர் எழுந்து, "கோச், நீங்க வந்த வேகத்துல அடுத்த வருஷம் போயிடமாட்டீங்களே?" என்று கேட்டான். ஹால் சிரித்தது. ஆஷ்வொர்த்துக்குச் சுருக்கென்றது. மைக்கை விட்டு விலகி, கையை நீட்டிக்கொண்டு மேடையின் விளிம்பை நோக்கி நடந்தார். லோவெலுக்கு முகம் தெரியவில்லை. முதுகு இறுகுவது தெரிந்தது. விளிம்பில் ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டை தெரிந்தது. அடுத்த நொடி அவருடைய கை, யாரையும் கேட்காமல், ஆஷ்வொர்த்தின் மேல்கோட்டைத் தூக்கி அவர் பெல்ட்டைப் பிடித்திருந்தது.

ஆஷ்வொர்த் நின்றுவிட்டார். நீட்டிய கை நீட்டியபடி. பிறகு கூரை இடிகிற மாதிரி சிரிப்பு. ஆஷ்வொர்த் திரும்பி, தன் இடுப்பில் இருந்த கையைப் பார்த்து, தானும் சிரித்தார். கேமராக்கள் விடுமா?

அன்று மாலைக்குள் ஊரே பார்த்துவிட்டது. பெட்ரோல் போடப் போன இடத்தில் கடைக்காரர், "சாபோ, என் பொண்டாட்டி கடைக்குப் போறப்ப நீ கொஞ்சம் வந்து புடியேன்யா!" என்றார். சாலையில் லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கைகாட்டினான். இனிமேல் லோவெலை அனுப்பினால் ஊர் சும்மா விடாது என்று பத்திரிகையில் எழுதினார்கள். டார்லா வேலை செய்யும் இடத்தில் அவளைத் தோளில் தூக்காத குறை. இத்தனை வாரத்தில் முதல் தடவையாக அவள் பாட்டு முணுமுணுத்தாள். லோவெலும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த வாரம் மேல்மாடியிலிருந்து ஃபோன் வந்தது. "லோவெல், கோச் பாக்கணும்கிறார். டேப்லட்டை..." என்று ஆரம்பித்த பெண், ஏதோ பார்த்துவிட்டு நிறுத்தினாள். "உங்க பேர்ல டேப்லட்டே இல்லியே?"

"எனக்குக் குடுத்ததில்லம்மா."

"அப்ப... சும்மா வாங்க."

ஆஷ்வொர்த் எழுந்து கை கொடுத்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

"உக்காருங்க. அன்னிக்கு மேடைல நான் கீழ விழுந்திருப்பேனா?"

"இல்ல கோச். இன்னும் ரெண்டடி இருந்துது."

"அப்பறம் ஏன் புடிச்சீங்க?"

"ரெண்டடி இருக்கறப்பவே புடிச்சிரணும் கோச். ஓரத்துல புடிச்சா ஆளோட பாரம் நம்மளையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிரும்."

ஆஷ்வொர்த் தலையாட்டினார். பேனாவை எடுத்தார், வைத்தார். "ஹனிகட் நீங்க புடிச்சா நிப்பாரா?"

"ஒரு நாளும் நின்னதில்ல."

"நான் நின்னுட்டேன். கவனிச்சீங்களா? அந்த நிருபருக்கு என்ன பதில் சொல்ல வந்தேங்கறதே மறந்துபோச்சு. பின்னால ஒருத்தர் புடிப்பார்னு தெரிஞ்சா நான் யோசிக்க ஆரம்பிச்சிருவேன். ஆட்டத்துல யோசிச்சா தோத்துருவேன்." பேனாவை மூடி வைத்தார். "இந்த ஊர் என்னை முதல்ல பாத்த படமே ஒருத்தர் என்னைப் புடிச்சு நிறுத்தற படம். உங்க மேல கோபம் இல்ல, லோவெல். சத்தியமா இல்ல. ஆனா உங்களை வச்சுக்கிட்டா அந்தப் படம் என்கூடவே வரும்."

"சரி கோச்" என்றார் லோவெல். நுழைவு அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தார். வெளியே வந்து காரின் மேல் படிந்திருந்த பனியை, கண்ணாடியில் ஆரம்பித்து நாலு பக்கமும், அவசரமில்லாமல் சுரண்டினார்.

வீட்டில் பாப்ரிகாஷ் கோழிக் குழம்பு கொதிக்கும் வாசனை. மேஜைமேல் ஒரு கேக். பேருந்து நிலையத்துப் பெண்கள் செய்து அனுப்பியது. மேலே சாக்லேட்டில் ஒரு பெல்ட், அதைப் பிடித்த ஒரு கை.

"வெட்டு, வெட்டு" என்றாள் டார்லா. "உனக்குத்தான் முதல் துண்டு."

லோவெல் வெட்டினார். ஒரு துண்டு சாப்பிட்டார். டார்லா எந்த ஓட்டுநர் என்ன கிண்டல் செய்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இன்னொரு துண்டும் சாப்பிட்டார். பிறகு, உப்பு எங்கே என்று கேட்கிற குரலில் சொன்னார்.

"வேலை போச்சு டார்லா."

"போடா" என்று சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்ததும் அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அடுப்பை அணைத்தாள். எதிரே வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் மேஜைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"கத்தேன்" என்றாள். "எதையாவது தூக்கிப் போடு. ஏன் இப்படிக் கல்லு மாதிரி உக்காந்திருக்கே?"

"தெரியல."

"வரமாட்டேன்னு நான் அப்ப சொன்னதை நினைச்சுக்கிட்டுத்தானே?"

லோவெல் கேக் வெட்டிய கத்தியைத் துடைத்து வைத்தார்.

டார்லா மூக்கை உறிஞ்சினாள். வண்டிகளை அனுப்பும்போது பேசுகிற குரலில், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "சரி, கேட்டுக்கோ. அந்தப் பேச்சை விட்ரு. அலாஸ்காவா இருந்தாலும் பரவால்ல. நாளைக்கே நிலையத்துல வேலையை விடறேன்னு எழுதிக் குடுத்துடறேன். ஹனிகட் இதுக்குள்ள கூப்பிட்டிருப்பாருல்ல? வரோம்னு சொல்லு. நானும் வரேன்."

அவளுக்கு இந்த ஊர் என்னவென்று லோவெலுக்குத் தெரியும். அதை அவள் கேக்குக்குப் பக்கத்தில் வைத்து அவர் முன்னால் தள்ளியிருந்தாள். அத்தனை நாளும் ஊசி போட்டது மாதிரி மரத்துக் கிடந்த இடத்தில் அப்போதுதான் வலித்தது.

"அவர் கூப்பிடல டார்லா."

"கூப்பிடுவாரு. இன்னும்—"

"ரூஃபஸைக் கூப்பிட்டாரு. இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டாரு. நாலு வாரமாச்சு." அவர் கண்ணைத் துடைக்கவில்லை. "நீ வரமாட்டேன்னு சொன்னதால ஒண்ணும் ஆகலம்மா. என்னை யாரும் எங்கயும் கூப்பிடல."