பே பக்கத்து மணி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அவர்கள் அப்பா பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தார், வருவார், போவார். வளர்த்தது நான்தான். ஒரு பிள்ளைகூட யார் முன்னாலும் தலைகுனிந்து நின்றதில்லை. இப்போது கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்கு எழுத வரும். ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். எல்லாம் அவனுக்காகத்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பிரான்சில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். இன்னொருவர் தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடுகிறவர். மூன்று பேருக்கும் ஒரே பைத்தியம், ஒரு வெள்ளைக்கார ராக் குழு. பாடுகிறவர்களுக்கு என் வயதுதானாம், இன்னும் மேடை ஏறுகிறார்களாம். பாட்டு ஒவ்வொன்றும் அரிசி வெந்து வடித்த பிறகும் ஓடும்.

ஊருக்கே தெரிந்த பாட்டைச் சொன்னால் டீ கிடையாது, அது அவர்கள் சட்டம். யாரும் சீண்டாத பாட்டாக ஆளுக்கொன்று எடுத்து, எது ஒசத்தி என்று சண்டை போடுவார்கள்.

இசைத்தட்டைத் திருப்பும்போது பிரான்சுக்காரர் "பே பக்கம்" என்பார். பி என்ற எழுத்து பிரெஞ்சில் பே. என் காதில் அது பேய்ப் பக்கம் என்று விழுந்தது. பாட்டும் அதற்கேற்றபடி ஊளையிட்டது. ரொம்ப நாள் சிலுவை போட்டுக்கொண்டுதான் டீ கொண்டுபோவேன். விஷயம் தெரிந்ததும் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அம்மா சொல்றதுதான் கரெக்ட்டு. இனிமே பேய்ப் பக்கம்தான்" என்றார் ஏலக்காரர்.

போன மாதம் ஒரு ஞாயிறு, மகன் பேய்ப் பக்கத்திலிருந்து தன் பாட்டைப் போட்டான்.

"இதுல தாளம் நாலு இல்ல, ஏழு பாரு. கால் தாளம் போட முடியாம தவிக்கும்."

"நீ எடுக்குற பாட்டயெல்லாம் அவுங்களே மறந்திருப்பாங்கடா" என்றார் ஏலக்காரர்.

அந்தப் பாட்டின் கடைசியில் எல்லாம் அடங்கி, தூரத்துக் கோயிலில் அடிப்பதுபோல மெல்லிசாக ஒரு மணி அடிக்கும். எனக்கே அது பிடிக்கும். மணி தொடங்கியதும் மகன் எழுந்து ஊசியைத் தூக்கிவிட்டான்.

"டேய், மணி அடிக்குதுடா" என்றார் ஏலக்காரர்.

"எங்க? முடிஞ்சிடுச்சே."

யாரும் சிரிக்கவில்லை. பிரான்சுக்காரர் ஊசியைத் திரும்ப வைத்தார். மணி அடித்தது. மகன் பாட்டைக் கேட்கவில்லை, எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணி ஓய்ந்த பிறகு, "ஆமா, அடிக்குது" என்று தலையாட்டினான்.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கியது. கொஞ்ச நாளாகவே அவன் பதில் சொன்னதெல்லாம் ஏலக்காரருக்குத்தான். மீன் சந்தையில் கத்திப் பழகிய குரல் அது.

"டாக்டர்கிட்ட போலாம்டா" என்றேன் மறுநாள்.

"சாப்ட்டேம்மா" என்றான்.

உரக்கச் சொன்னால் கோபம். "எதுக்குக் கத்துற? தெருவுக்கெல்லாம் கேக்கணுமா?" ஸ்பீக்கர் ரிப்பேர் என்று சொல்லி, கூட்டாளிகளையும் வரவேண்டாம் என்றுவிட்டான்.

பாட்டு போனால் போகட்டும். அவன் தினமும் பைக்கில் கனகசெட்டிக்குளம் வரைக்கும் வேலைக்குப் போகிறவன். அந்த ரோட்டில் பஸ்கள் பின்னால் வந்துதான் ஹாரன் அடிக்கும். சாயங்காலம் வாசலில் வண்டி நிற்கிறவரை நான் திண்ணையை விட்டு எழுந்திருப்பதில்லை.

மகனே, காதில் மெஷின் வைத்தால் என்ன குறைந்துவிடும்? மூக்கில் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் நான் இதை எழுதுகிறேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை.

இன்றைக்கும் ஞாயிறு. யாரும் வரவில்லை. அவன் உள்ளறையில் சும்மா படுத்திருக்கிறான். பேத்தியைக் கூப்பிட்டேன்.

"கண்ணு, ஆயா எழுதுனத படிச்சுக் காட்டு. இங்க வேணாம், உங்கப்பா பக்கத்துல உக்காந்து படி. ஏலக்காரர் மாதிரி படி."